ஊர்ப் பெயர் சொல்லாதவள்

மலேசியாவில் முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகு, கடைசிக் காலத்தில் சொந்த ஊரில்தான் இருப்பேன் என்று வீட்டுக்காரர் ஒற்றைக் காலில் நின்றார். அப்படித்தான் அடி அண்ணாமலைக்கு வந்து சேர்ந்தேன். சொந்த ஊர் அவருக்கு. எனக்கு அது அயல்நாட்டுக் கிராமம்; விசா வாங்கிக்கொண்டுதான் வந்தேன். ஊருக்கெல்லாம் நான் மலேசியாம்மா, பிள்ளைகளுக்கு மட்டும் டீச்சர்.

மே மாதம் வந்தால் மொட்டைமாடியில் ஷீட் போட்ட கொட்டகையில் கோடை வகுப்பு நடத்துவேன். காலை ஏழிலிருந்து ஒன்பது வரை. அதற்கு மேல் அந்த ஷீட்டுக்கு அடியில் மனுஷர் உட்கார முடியாது. புண்ணியத்துக்கு நடத்தினேன் என்று சொன்னால் அது பொய். எனக்கு அதட்ட ஆள் வேண்டியிருந்தது. வீட்டில் அவர் ஒருவரையே எவ்வளவு நேரம்தான் அதட்டுவது?

இரண்டாவது வருஷம் பிள்ளைகளோடு ஒரு பெண்ணும் வந்து உட்கார்ந்தாள். நாற்பது வயதிருக்கும். நாலு வீட்டில் பாத்திரம் தேய்ப்பவள், எங்கள் வீடும் அதில் ஒன்று. சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறி இரண்டு கையும் விரலிடுக்கெல்லாம் வெடித்து ரத்தம் கசியும். இனிமேல் தண்ணீரில் கை வைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கும் ஒரு லாட்ஜில் வரவேற்பு மேஜைக்குப் பெண் ஆள் தேடுகிறார்கள், கொஞ்சம் ஆங்கிலம் பேசினால் போதும் என்று கேள்விப்பட்டு வந்திருந்தாள். மாதக் கடைசியில் நேர்காணல்.

"பத்தாவது வரைக்கும் படிச்சிருக்கேன் டீச்சர். இந்த வேல கெடச்சா கை பொழைச்சிக்கும்" என்றாள்.

கெட்டிக்காரி. ஒரே வாரத்தில் 'குட் மார்னிங்', 'ஹவ் மெனி டேஸ்' எல்லாம் பிள்ளைகளைவிடச் சுத்தமாகச் சொன்னாள். ஊர்ப் பெயர் வரும் இடத்தில்தான் வண்டி நின்றது. 'ஐ லிவ் இன்' என்று தொடங்குவாள், அதற்கு மேல் வாய் திறக்காது. 'திஸ் வில்லேஜ்' என்று முடிப்பாள். 'வெல்கம் டு திருவண்ணாமலை' சொல்லு என்றால், 'வெல்கம் டு டவுன்' என்பாள்.

"வாயில என்ன கொழுக்கட்டையா?" என்றேன்.

தலையைக் குனிந்துகொண்டாள். முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு சின்னப் பெண்தான் எழுந்து, "அந்தக்கா சொல்ல மாட்டாங்க டீச்சர். அது அவங்க வூட்டுக்காரர் பேரு" என்றது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மலையின் பெயரையே புருஷனுக்கு வைத்துத் தொலைத்திருக்கிறார்கள். புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று மாமியார் கல்யாணத்தன்றே சொல்லிவைத்தாளாம். இருபது வருஷமாக இவள், தான் இருக்கும் ஊரின் பெயரைச் சொன்னதில்லை. பஸ்ஸில் ஏறினால் 'டவுனுக்கு ஒண்ணு', திரும்பும்போது 'அடிக்கு ஒண்ணு'. பௌர்ணமியன்று மலை சுற்றுகிற கூட்டம் சாமி பெயரைச் சொல்லிக் கோஷம் போடும். இவள் பெயரை விழுங்கிவிட்டு 'அரோகரா'வை மட்டும் சொல்வாள்.

எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது.

"மேஜையில உக்காந்துக்கிட்டு, எந்த ஊருன்னு கேட்டா மலையைக் கைகாட்டுவியா?" என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். "சொல்ற வரைக்கும் நில்லு."

நின்றாள். எட்டு வயதுப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்க, நாற்பது வயதுக்காரி தூணோரமாக முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு வகுப்பு முடியும்வரை நின்றாள். பிறகு கீழே இறங்கி எங்கள் வீட்டுப் பாத்திரங்களைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டுப் போனாள். இரண்டாம் நாளும் நிறுத்தினேன். மூன்றாம் நாள் பிள்ளைகள் அவள் காதுபட அந்தப் பெயரை ராகம் போட்டு இழுத்தார்கள். நான் அடக்கவில்லை. ஒரு பார்வை பார்த்தால் அடங்கியிருப்பார்கள். அவமானம் உறைத்தால் வாய் தானாகத் திறக்கும் என்று விட்டுவிட்டேன்.

நாலாம் நாள் சொன்னாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஊர்ப் பெயரை முழுசாக. பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் விடவில்லை, பத்துத் தடவை சொல்ல வைத்தேன். பத்தாவது தடவை குரல் நடுங்கவில்லை. அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையில் இரண்டு இட்லி கூடவே இறங்கியது. "பாவம், அந்தப் பொண்ண ஏன் இப்படிப் படுத்தற?" என்றார் வீட்டுக்காரர். "நீங்க சும்மா இருங்க" என்றேன்.

நேர்காணலுக்கு முதல்நாள், அவள் புருஷன் ஓட்டிக்கொண்டு வந்த ஆட்டோ, குறுக்கே வந்த மாட்டுக்கு ஒதுங்கப்போய் கிரிவலப் பாதையில் கவிழ்ந்தது. கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. மறுநாள் அவள் லாட்ஜுக்குப் போகவில்லை.

சாயந்தரம் நான்தான் அங்கே போய் நின்றேன், இன்னொரு நாள் கொடுங்கள் என்று கேட்க. முதலாளி மரியாதையான மனுஷர், காப்பி வரவழைத்தார். கீழ்பென்னாத்தூர்ப் பெண் ஒருத்தியை எடுத்தாகிவிட்டது என்றார். என் மாணவி எவ்வளவு பாடுபட்டு ஊர்ப் பெயரைச் சொல்லப் பழகினாள் தெரியுமா என்று நான் அளக்க, அவர் முழித்தார்.

"ஊர் பேரா? ரூம் போட்டு இங்க வந்து நிக்கிறவனுக்கு எந்த ஊருக்கு வந்தோம்னு தெரியாதாம்மா? சாவிய எடுத்து சிரிச்ச முகமா குடுக்கத் தெரிஞ்சா போதும்."

காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். அங்கிருந்து நேரே அவள் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போனேன் என்று எழுத ஆசைதான். சண்டை போடத்தான் போனேன். வாசல் குழாயடியில் உட்கார்ந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே கட்டிலில் கட்டுப் போட்ட காலோடு புருஷன். "வாய வெச்சிட்டியேடி, வாய வெச்சிட்டியே" என்று மாமியார் ஓயாமல் புலம்பிக்கொண்டிருந்தாள். தெருவும் அதையேதான் பேசியது.

"மாடு குறுக்க வந்ததுக்கும் நீ பேர் சொன்னதுக்கும் என்ன சம்பந்தம்? இந்தப் பைத்தியக்காரத்தனத்துக்காக வேலையை விட்டுட்டியே" என்று எகிறினேன்.

அவள் குழாயை மூடினாள். கையை முந்தானையில் ஒற்றிக்கொண்டாள். குரலை உயர்த்தவே இல்லை.

"சம்பந்தம் இல்லன்னே வெச்சிக்கலாம் டீச்சர். உங்க வூட்டுக்காரர் பேர நீங்க சொல்லி நான் கேட்டதே இல்ல. சார்னுவீங்க, இல்லாட்டி அவருன்னுவீங்க. இப்ப சொல்லுங்களேன். பத்து தரம் வேணாம், ஒரே ஒரு தரம்."

வாயைத் திறந்தேன். அத்தனை வருஷம் வகுப்பறைகளில் கத்திய வாய். பெயர் நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்றது.

"அவருக்குப் போன வருஷம்தான் இதயத்துல ஸ்டென்ட் வெச்சிருக்கு" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே காதில் விழுந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். கேலியாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"ஆமாங்க டீச்சர், பாத்துக்குங்க. வெயில் ஜாஸ்தி, வெளிய விடாதீங்க" என்றாள். "இவரு எழுந்து நடக்கற வரைக்கும் நான் இன்னும் ரெண்டு வூடு பாக்கணும். யாருனா ஆள் கேட்டா சொல்லுங்க."

வெடித்த இரண்டு கையையும் சோப்புத் தண்ணீருக்குள் விட்டாள்.