ஐயனாரின் பக்கத்து வீட்டுக்காரர்

நெய்வேலியில் கல்லூரிச் சுவரை ஒட்டிய பழைய குவார்ட்டர்ஸ் பிளாக்கின் ஐயனார் கோயிலில் அவரைச் சந்தித்தேன். நிலக்கரி மைன்ஸில் பெர்மனன்ட் வேலை. கோயிலுக்குள்ளும் கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது, ஐயனார் கேட்டால் காட்டத்தான் போலும். வருகிறவர்களை நிறுத்திவைத்துப் பிளாக்கின் வரலாறு சொல்வது அவர் வழக்கம்.

"நாங்க வர்றதுக்கு முன்னாடி இங்க ஒரு மனுசன் கிடையாதுங்க. வெறும் முந்திரிக்காடு."

"அப்ப இந்தக் கோயில்?"

"இது பல நூறு வருசமா இருக்குதுங்க!"

"யாரு கட்டுனாங்க?"

அடையாள அட்டையை நேராக்கிக்கொண்டார். "சாமிக்கு எதுக்குங்க ஆளு?"

குவார்ட்டர்ஸ்காரர்கள் வரும்வரை ஐயனார் காட்டில் தனியாகவே காத்துக்கிடந்தார் போலிருக்கிறது.

அந்த ஐயனார் எங்கள் குலதெய்வம். இந்தக் குவார்ட்டர்ஸ் கட்டத்தான் இங்கிருந்த எங்கள் தெருவைக் காலி செய்தார்கள். வருடந்தோறும், அப்போது குடிபோன குள்ளஞ்சாவடியிலிருந்து பொங்கல் வைக்க வருகிறோம். அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் என் கையில் திருநீற்றைக் கொடுத்து, அன்பாகக் கேட்டார்:

"வெளியூருங்களா?"