கதைக்குப் பத்தாத சாவு

என் மனைவி கிள்ளானில் தன் தாய்வீட்டுக்குப் போன இடத்தில் காய்ச்சல் கண்டு, ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். எனக்கு அழுகை வரவில்லை. காரியம் முடிந்து கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் என் ரயில்வே வரிசை வீட்டுக்குத் திரும்பிய பிறகும் வரவில்லை. எனக்குச் சமைத்துப் போட வந்து தங்கிய மாமியார், "என்ன மனுசனோ, கண்ணுகூட கலங்கலியே" என்று பக்கத்து வீட்டில் சொன்னது என் காதில் விழுந்தது. கோபம்கூட வரவில்லை. மரத்துப் போயிருந்தேன். எப்படியாவது அழுது தொலைத்துவிட வேண்டும் என்று ஆசையாக இருந்தது. வந்தால்தானே?

எனக்கு ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா வேலை. மிச்ச நேரத்தில் பத்திரிகைக்குக் கதை எழுதுவேன். அந்தக் கிறுக்குப் பிடித்தவர்கள் எங்கள் பக்கத்தில் மூன்று பேர்: நான், தமிழ்ப் பள்ளி வாத்தியார் ஒருவர், தையற்காரர் ஒருவர். ஞாயிறு காலையில் காப்பிக் கடையில் கூடி, கதைக்கு வேண்டிய விவரங்களை ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வோம். கப்பலில் வாந்தி எடுத்துக் கிடப்பவனுக்கு என்ன கொடுப்பார்கள்? கத்திக்குத்து வாங்கியவன் எவ்வளவு நேரம் பேசுவான்? ஒருமுறை பக்கத்து மேசைக்காரர் தேநீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

ஆனால் எங்கள் கதை ஒன்றாவது இந்த ஊரில் நடக்க வேண்டுமே! நடக்காது. கதை என்றால் காவிரிக்கரை, மார்கழிப் பனி. கிள்ளான் ஆற்றுச் சேறும், வருஷம் முழுக்க முதுகில் வழிகிற வேர்வையும் எங்கள் கண்ணில் படவே இல்லை. இத்தனைக்கும் மூவரில் ஒருவரும் காவிரியைப் பார்த்ததில்லை. தையற்காரர் பிறந்தது ராமநாதபுரத்து வறட்சியில். வாத்தியாரும் நானும் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள்.

மனைவி போன சில வாரங்களில் வாத்தியார் கேட்டார்: "அண்ணே, என் கதையில ஒரு பொம்பள காய்ச்சல்ல சாகப் போறா. கடைசி நேரத்துல எப்படி இருப்பாங்க? என்ன பேசுவாங்க?"

தையற்காரர் மேசைக்கடியில் அவர் காலை மிதித்தார். வாத்தியாருக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, மன்னிச்சிருங்கண்ணே, யோசிக்காம கேட்டுட்டேன்."

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஆபீஸில் யாரோ ரயில் நேரம் விசாரித்ததுபோல் பதில் சொன்னேன். உதடு வெடித்திருந்தது, கை சில்லிட்டுக் கிடந்தது, வார்டு முழுக்க பினாயில் நெடி. கட்டிலோரம் நின்ற என்னைப் பார்த்து, "கோலாலம்பூர் ரயிலுக்கு நேரமாகலியா? கெளம்புங்க" என்றாள். அதற்கப்புறம் பேசவில்லை.

வாத்தியார் தாடையைச் சொறிந்தார். "நெசமாத்தான் இருக்கு. ஆனா கதைக்குப் பத்தாதேண்ணே. படிக்கிறவங்க அழமாட்டாங்க."

இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. அவர்மேல் இல்லை, என்மேல். ஏனென்றால் நானும் அதையேதான் நினைத்தேன்.

"பனி பெய்யட்டும்" என்றேன். "ஆத்தங்கரை வீடு. புருசன் மடியில தல வெச்சுக்கிட்டு, 'அடுத்த பெறவியிலயும் நீங்கதான் எனக்கு வேணும்'னு சொல்லட்டும்."

தையற்காரருக்கும் உற்சாகம் வந்துவிட்டது. கைக்குழந்தை ஒன்று இருந்தால் நன்றாயிருக்கும் என்றார். சேர்த்துக்கொண்டோம். எனக்கும் என் மனைவிக்கும் குழந்தை கிடையாது. காப்பி ஆறுவதற்குள் சாவு பிரமாதமாக அமைந்துவிட்டது.

கதை அச்சில் வந்தது. ஆபீஸிலிருந்து திரும்பியவன் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து படித்தேன். அதில் எந்த வரி யாருடையது என்று எனக்குத் தெரியும். பனியைப் பெய்ய வைத்ததே நான்தான். இருந்தும் அந்தக் குழந்தை செத்த தாயின் கன்னத்தைத் தட்டித் தட்டி எழுப்புகிற இடத்துக்கு மேல் படிக்க முடியவில்லை. அப்புறம் வாய்விட்டே அழுதேன். மூக்கு ஒழுக, தோள் குலுங்க, வெட்கமே இல்லாமல் அழுதேன்.

அடுப்படியிலிருந்து மாமியார் ஓடி வந்து, வாசற்படியில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அழுங்க மாப்ள, நல்லா அழுங்க. எம்மவளுக்கு இப்பத்தான் சாந்தி கெடைக்கும்" என்று அவரும் சேர்ந்து அழுதார். என்மேல் வைத்திருந்த குறையெல்லாம் அந்த நிமிஷமே போய்விட்டது. அன்று எனக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்துப் போட்டார்.

நான் அழுதது அவர் மகளுக்காக இல்லை என்று எந்த வாயால் சொல்வது? அழுதேன், காவிரிக்கரையில் செத்துப்போன அந்த யாரோ ஒருத்திக்காக. கிள்ளானில் செத்தவளுக்காக நான் இன்னும் அழவில்லை.