மன்னி வாங்கி வந்த ஈயம்

தொலைபேசியில் ரமணியின் குரல் வழக்கத்தைவிட நிதானமாக இருந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. "அத்தை, அம்மா போயிட்டா. காலம்பற சாயா குடிச்சு, கிளாஸைக் கழுவிக் கவிழ்த்து வெச்சா. பின்னே நாற்காலியில உக்காந்தா, அவ்வளவுதான்" என்றான். அவன் பள்ளுருத்தியிலிருந்து பேசினான். நான் எர்ணாகுளத்தில் என் மகள் வீட்டு அடுப்படியில் நின்றிருந்தேன். அழுகை உடனே வரவில்லை. யாருக்கும் பாரமாகப் படுக்காமல், தன் கிளாஸைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போயிருக்கிறாரே என்ற நிம்மதிதான் முதலில் வந்தது.

ராஜலட்சுமி மன்னி என் அண்ணா விஸ்வநாதனின் மனைவி. பொறுமையின் வடிவம், பேச்சே தெரியாதவர் என்றெல்லாம் வேறு யாராவது எழுதிவிடுவதற்குள் நான் எழுதிவிட வேண்டும். மன்னிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வந்த வேகத்தில் போய், அந்த இடத்தில் சிரிப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும். அவர் கோபித்து நான் கேட்ட சொற்களில் பாதி, வண்ணக் கண்ணாடியை ஒட்டும் ஈயத்தைப் பற்றியவை.

ஐம்பதுகளில் கும்பகோணத்திலிருந்து மட்டாஞ்சேரிக்கு மணமாகி வந்தார். நாங்களோ தலைமுறைகளாகப் பாலக்காடு, கொச்சி என்று இருந்துவிட்டவர்கள். எங்கள் தமிழில் பாதி மலையாளம். மாப்பிள்ளை பள்ளிகளுக்கு வண்ண ஜன்னல் செய்கிறார் என்று சொல்லித்தான் சம்பந்தம் பேசினார்கள். இங்கே பள்ளி என்றால் மாதா கோயில். மன்னியின் அப்பா பள்ளிக்கூடம் என்று எடுத்துக்கொண்டார். "பசங்க பந்தடிச்சு உடைச்சிண்டே இருப்பா, மாப்பிள்ளைக்கு வேலைக்குக் குறைவே இருக்காதுன்னு அப்பாவுக்கு ஒரே சந்தோஷம்" என்று மன்னி பிற்காலத்தில் சொல்லிச் சிரிப்பார்.

ஆனால் அந்த வேலைக்கு அப்போது குறைவுதான் இருந்தது. கப்பல் கம்பெனியில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்த அண்ணா, அந்த உத்தியோகத்தை விட்டுவிட்டு வீட்டு முன்னறையில் பட்டறை வைத்திருந்தார். வண்ணக் கண்ணாடித் துண்டுகளை வளைந்த ஈயப் பட்டைகளுக்குள் செருகி, பட்டைகள் சந்திக்கும் முனைகளைப் பற்றாசு என்னும் ஒட்டு ஈயத்தை உருக்கி ஒட்டுவார். போர்ட் கொச்சியில் ஒரு தேவாலயத்துக்கு அவர் செய்து கொடுத்த முதல் ஜன்னல், கடற்காற்றில் முனைகள் விட்டுத் திரும்பி வந்தது. கோயில் திருவிழாவான பெருநாளுக்குள் சரிசெய்து கொடுக்கும்படி பாதிரியார் இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார். அதுவும் கெட்டால் பட்டறையை மூடிவிட்டு, பம்பாயில் மாமா பார்த்து வைத்திருந்த குமாஸ்தா வேலைக்குப் போவதாக அண்ணா சொல்லிவிட்டார். வீடு கிடைக்கும்வரை அவர் அங்கே லாட்ஜில் இருப்பார், மன்னி கும்பகோணத்தில் இருக்க வேண்டும்.

மன்னி அன்று தேங்காய் துருவிக்கொண்டே என்னிடம் பொரிந்தார். "அவர் லாட்ஜுல, நான் எங்கப்பா ஆத்துல. இதுக்கா கல்யாணம் பண்ணிண்டோம்? இங்க கடைத்தெருவுக்கு நானே போறேன், நானே வரேன். அங்க கோயிலுக்குப் போறதுன்னாலும் துணைக்கு ஒரு ஆள் தேடணும். நான் இந்த ஊரை விட்டு நகர மாட்டேன், காமு. பார்த்துக்கோ." அண்ணா வீட்டிலேயே இருந்த எனக்கும் அவரை விட மனமில்லை. அந்த வீட்டில் என்னோடு சண்டை போடவும் சிரிக்கவும் அவர் ஒருவர்தான் இருந்தார்.

மறுநாள் காலை அண்ணா வெளியே கிளம்பும்போது, "மத்தியானம் ஜன்னலை விளக்கணும், கேட்டியா" என்று சொல்லிவிட்டுப் போனார். மலையாளத்தில் விளக்குவது என்றால் உலோகத்தைப் பற்றவைப்பது. எங்கள் வீட்டிலும் அந்தச் சொல் அப்படித்தான் புழங்கியது. கும்பகோணத்தில் பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவுவதுதான் விளக்குவது. மன்னி புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டார். தேங்காய் நாரும் சலித்த சாம்பலும் எடுத்து, அந்த ஜன்னலின் ஈய முனைகளை எல்லாம் தேய்தேய் என்று தேய்த்து வைத்தார்.

அண்ணா வந்து பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஈசுவரா! எந்தா இது?"

"நீங்கதானே விளக்கணும்னேள்!"

"விளக்கறதுன்னா ஒட்டறதாக்கும்!"

"ஒட்டறதை ஒட்டறதுன்னு சொல்லணும். விளக்கறதுன்னு சொன்னா விளக்கத்தான் விளக்குவா!"

நான் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அண்ணா சிரிக்கவில்லை. குனிந்து முனைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பழைய கறுப்புப் படலம் போய், ஈயம் வெள்ளையாகத் தெரிந்தது. ஈயம் பிடிப்பதற்காக மெழுகுவர்த்தியைத் தேய்த்து, காய்ந்த சூட்டுக்கோலால் பற்றாசை வைத்துப் பார்த்தார். முன்பெல்லாம் உருண்டு ஓடியது, இப்போது பிடித்துக்கொண்டது. ஆனாலும் வழுவழுப்பாகப் பரவாமல் குழைந்த சாதமாகக் கட்டி கட்டியாக நின்றது. அதை உருக்க இன்னும் சூடு கொடுத்தால், கண்ணாடியைப் பிடிக்கும் பட்டையே உருகிவிடும்.

மன்னி எட்டிப் பார்த்து, "என்ன ஈயம் இது? ரசச் சொம்பு செய்யற வெள்ளீயமா, காரீயமா?" என்று கேட்டார்.

கடையில் ஈயக்கோல் என்று மட்டும் கேட்டதாக அண்ணா சொன்னார். அவர்கள் குழாய் வேலைக்கு உள்ளதைக் கொடுத்திருக்கிறார்கள். அதில் காரீயம்தான் அதிகம். அன்று மாலையே மன்னி என்னை இழுத்துக்கொண்டு கடைத்தெருவில் மம்மு இக்காவின் உலோகக் கடைக்குப் போனார்.

இக்கா பல வகைக் கோல்களை எடுத்துப் போட்டார். மன்னி ஒன்றைக் காதருகே கொண்டுபோய் மெல்ல வளைத்தார். சத்தமில்லை. ஒதுக்கினார். இன்னொன்றை வளைத்தார், லேசாக நறநறவென்றது. "கேட்டியா காமு, வெள்ளீயம் இருந்தா அழும். காரீயம் ஊமை" என்றார். பிறகு இக்காவின் தோளில் கிடந்த வெள்ளைத் தோர்த்துத் துண்டைக் கேட்டு வாங்கி அதில் கோல்களைத் தேய்த்தார். அதிகம் கறுப்புக் கோடு போட்டதை எல்லாம் தள்ளினார். அவர்கள் ஊரில் ரசச் சொம்பு வாங்கும்போது பெண்கள் இப்படித்தான் பார்ப்பார்களாம். இக்கா தன் தோர்த்தைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

கடைசியில் மன்னி, "கலப்பே வேண்டாம், சுத்த வெள்ளீயம் கொடுங்கோ" என்றார். இக்கா சிரித்தார். "சேச்சி, ரசம் வைக்கவா போறீங்க? தனி வெளுத்தீயம் வேண்டா. தனிக் காரீயமும் வேண்டா. பாதிக்குப் பாதி எடுங்க. ரெண்டும் சேர்ந்தா, தனியா இருக்கிறதைவிட வேகம் உருகும்." மன்னி நம்பவில்லை. இக்கா தனி வெள்ளீயம், குழாய்க்காரர்களின் கோல், பாதிக்குப் பாதி மூன்றையும் கரண்டியில் உருக்கிக் காட்டினார். பாதிக்குப் பாதி முதலில் இளகி, கல்லில் ஊற்றியதும் பளிச்சென்று ஆறியது. குழாய்க்காரர்களின் கோல் மங்கலாக, உப்புப் பூத்தது போல ஆறியது. மன்னி ஒத்துக்கொண்டார். பாதிக்குப் பாதியாக இருந்த, காதில் அழுத அந்தக் கோலையே வாங்கி, மடியில் கட்டாத குறையாக வீட்டுக்குக் கொண்டு வந்தார்.

பெருநாளுக்கு முன் ஜன்னல் ஏறியது. பிறகு மழைக்காலத்தை நினைத்து வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. மாமாவுக்கு அண்ணா பதில் போடவுமில்லை. முதல் பெருமழை அடித்து ஓய்ந்த அன்று மூவரும் போர்ட் கொச்சிக்குப் போனோம். பாதிரியார் ஜன்னலுக்குக் கீழே சுவரை உள்ளங்கையால் தடவிக்கொண்டே போனார். "ஒரு துள்ளி வெள்ளமில்லா" என்றார். அதற்குள் மன்னிக்கு இந்த ஊரில் வெள்ளம் என்றால் வெறும் தண்ணீர்தான் என்று தெரிந்திருந்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்து நான் பக்கத்தில் போனேன். "பம்பாய்க்கு ஒரு கும்பிடு" என்று கிசுகிசுத்தார். எனக்குத்தான் அழுகை வந்தது.

அதன்பின் பட்டறைக்கு ஈயம் வாங்குவது மன்னியின் பொறுப்பாயிற்று. அறுபதுகளில் ரேடியோக்காரர்கள் வாங்கும் மெல்லிய ஈயக் கம்பிச் சுருளைக் கொண்டுவந்து, இதுதான் நாகரிகம் என்று ஒருவர் விற்கப் பார்த்தார். "இது பாடற பெட்டிக்கு. எங்காத்து ஜன்னல் பாடாது" என்று அனுப்பிவிட்டார். அண்ணாவும் அவரும் முறைத்துக்கொள்ளும் நாட்களில் இக்கா சொன்னதைத்தான் எடுத்துக்கொள்வார். "தனித்தனியா ரெண்டும் கல்லு மாதிரி நிக்கும். கிட்ட வந்தா இளகிடும். நீங்க வந்தா வரலாம், நான் வரப்போறதில்லை" என்பார். பெரும்பாலும் அண்ணாதான் போவார்.

அண்ணா காலமான பிறகு, உறவினர்கள் மன்னியைக் கும்பகோணத்தில் தம்பி வீட்டோடு வந்து இருக்கச் சொன்னார்கள். அவரோ மகன் ரமணியோடு பள்ளுருத்திக்குப் போனார். அதற்கு மேல் எங்கும் நகர மாட்டேன் என்றும் சொல்லிவிட்டார்.

தகனம் முடிந்ததும், அஸ்தியைக் கரைக்கக் காவேரிக்குப் போக ரயில் டிக்கெட்டுக்குச் சொல்லட்டுமா என்று ரமணியைக் கேட்டேன். அவன் வேண்டாமென்று தலையாட்டினான். "அம்மா முன்னமே சொல்லிட்டா, அத்தை. என்னை ரயிலேத்திக் கொண்டுபோய் விட்டுடாதே, அழிமுகம் மதின்னா." மதி என்றால் போதும்; போர்ட் கொச்சியில் காயல் கடலோடு சேரும் வாயைத்தான் இங்கே அழிமுகம் என்போம். அந்த மலையாளச் சொல்லை மன்னி தன் கும்பகோணத்து நாக்கால் எப்படிச் சொல்லியிருப்பார் என்று எனக்குக் கேட்டது.

பெண்கள் வரும் வழக்கமில்லை என்று சாஸ்திரிகள் இழுத்தார். நான் போய்ப் படகில் உட்கார்ந்துவிட்டேன். வைப்பின் தீவுக்குப் போகும் படகு ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. ரமணி அஸ்திக் கலயத்தைச் சாய்த்தான். கொஞ்ச நேரம் சாம்பல் எல்லாம் நீரின் மேலேயே, கரைப் பக்கமாகவே நின்றது. பிரிகிறவர்களிடம் போய்விட்டு வாருங்கள் என்று சொல்லித்தான் எனக்குப் பழக்கம். அன்று அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"இருங்கோ, மன்னி" என்றேன்.