பூசாத வீட்டுக்குள் ஒரு கோட்டை

வில்லாபுரத்தில் எங்கள் வீட்டுக்கு நம்பர் உண்டு, தெருவுக்குப் பெயரும் உண்டு. இரண்டுமே யாருக்கும் தேவைப்படவில்லை. 'பூசாத வீடு' என்று சொன்னால் போதும், பால்காரர், சிலிண்டர் போடுகிறவர், ஆட்டோக்காரர், பத்திரிகை வைக்க வருகிற சொந்தக்காரர்கள் எல்லோரும் நேராக வாசலுக்கு வந்துவிடுவார்கள். உள்ளே பூசி, வெள்ளையடித்து, மொசைக் போட்டு எல்லாம் முடிந்திருந்தது. வெளியேதான் நாலு பக்கமும் செங்கல் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. எங்கள் ஊரில் பூசாத வீட்டுக்கு ஒரே அர்த்தம். கட்ட ஆரம்பித்தவன் பாதியில் கையை விரித்துவிட்டான்.

இதில் கூத்து என்னவென்றால் என் கணவர் வீடு கட்டித் தருகிற காண்ட்ராக்டர். அவனியாபுரத்தில் அவர் பூசிய வீடுகள் வரிசையாக நிற்கும். வாடிப்பட்டி பக்கம் ஒரு ரைஸ்மில்லுக்குக் கக்கூஸ் சுவர் வரை பூசிக் கொடுத்துவிட்டு வந்தவர். நம் வீட்டை எப்போது பூசுவீர்கள் என்று கேட்டால் மட்டும் பஞ்சாங்கத்தையும் வானிலையையும் துணைக்குக் கூப்பிடுவார். ஆடி மாசம் வேண்டாம். மழை வருது, பூச்சு கரைஞ்சுரும். வெயில் ஜாஸ்தி, வெடிச்சுரும். மணல் சரியில்ல. அடுத்த வேலை முடியட்டும். அந்த அடுத்த வேலை எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு முடிந்ததே இல்லை.

என் வளையல்கள் அந்த வீட்டின் அஸ்திவாரத்தில் கிடக்கின்றன. அதை நான் குத்திக் காட்டுவதில்லை என்று அவர் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வார். நான் குத்திக் காட்டிய நாளெல்லாம் அவர் சைட்டில் இருந்தார், அவ்வளவுதான். ஐப்பசி பிறந்தால் சுவர் வயிறு முட்டத் தண்ணீர் குடிக்கும். பீரோவுக்குப் பின்னால் பச்சையாகப் பூஞ்சை பூக்கும். என் கல்யாணப் புடவையின் முந்தானையில் கறை விழுந்த அன்று, ஒன்று இந்தச் சுவரைப் பூச வேண்டும், இல்லாவிட்டால் நான் அம்மா வீட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அம்மா வீடு பூசிய வீடு.

அந்தச் சமயம் பார்த்துத்தான் பாத்திரக்கடை முதலாளி ஒருவர் திருப்பரங்குன்றத்தில் கல்யாண மண்டபம் கட்டப் போவதாகச் செய்தி வந்தது. அவருக்கு யாரோ வெளிநாட்டுக் காலண்டர் ஒன்று கொடுத்திருந்தார்கள். அதில் பழைய காலத்து ஐரோப்பியக் கோட்டை ஒன்றின் படம். நாலு மூலையிலும் வட்டக் கோபுரம், பல் பல்லாக மதில், சுற்றிலும் அகழி, சங்கிலி கட்டிய தூக்குப்பாலம். தன் மண்டபம் அப்படியே இருக்க வேண்டும், மாப்பிள்ளை அழைப்பு தூக்குப்பாலத்தின் வழியாக வர வேண்டும் என்று முதலாளி முடிவு செய்துவிட்டார். மாடல் செய்து காட்டுகிறவருக்கே வேலை என்றும் சொல்லிவிட்டார்.

"இந்த வேல மட்டும் கெடச்சுருச்சுன்னு வையி, மொத மூட்ட சிமெண்ட்டு நம்ம வெளிச்சுவத்துக்குத்தேன்" என்றார் என் கணவர். சாமி படத்தைப் பார்த்துச் சொன்னார். பூச்சுக்காக இவர் சத்தியம் செய்தது அதுதான் முதல் தடவை. நானும் நம்பினேன்.

மாடலுக்குத் தெர்மாகோல் வாங்கப் போனவர், வாசல் வரை போய்த் திரும்பி வந்து ஹாலைப் பார்த்தார். சிங்கப்பூரில் இருந்து என் தம்பி கொண்டு வந்து கொடுத்த பில்டிங் செட்டைப் பரப்பிவைத்துக்கொண்டு என் மகள் உட்கார்ந்திருந்தாள். ஒன்றின் மேல் ஒன்று அழுத்தினால் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் செங்கல்கள். ஏழாம் வகுப்புப் படிக்கிறவள். அந்த டப்பாவோடு வந்த கோட்டைப் படத்தைப் பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். "இதுலயே கட்டிருவோம்ப்பா, எனக்குத் தெரியும்" என்றாள். காண்ட்ராக்டருக்கு மகள் சொல்வது காதில் விழவில்லை. செங்கல் கிடைத்துவிட்டது என்பது மட்டும் விழுந்தது.

மறுநாள் முதல் சாப்பாட்டு மேஜை சைட் ஆகிவிட்டது. நாங்கள் தரையில் சாப்பிட்டோம். கிராஃப் தாளில் பிளான் போட்டார், எலிவேஷன் போட்டார். கோட்டைக்கு வாஸ்து பார்த்தார். வாசல் கிழக்கே. சமையல்கட்டு தென்கிழக்கு மூலை. அங்கே எண்ணெய் கொதிக்க வைத்து எதிரி தலையில் ஊற்றுவார்களாம், அதனால் அக்னி மூலைதான் சரி என்று தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டார். அகழியில்தான் சிக்கல் வந்தது. தெற்கிலும் மேற்கிலும் பள்ளமும் தண்ணீரும் இருந்தால் குடும்பத்துக்கு ஆகாது. அதனால் வடக்கிலும் கிழக்கிலும் மட்டும் அகழி.

"அப்ப எதிரி தெக்கிட்டு இருந்து வந்தா?" என்று மகள் கேட்டாள்.

"வாஸ்து சரியா இருந்தா எதிரியே வரமாட்டான்" என்றார்.

கோபுரத்தில் அம்பு விடுவதற்கு ஒடுக்கமான சந்துகள் வேண்டும். அவள் அழகாக விட்டிருந்தாள். சன்னலைப் பார்த்தால் சன்ஷேடு வைக்காமல் இவர் கை நிற்காது. ஒவ்வொரு சந்துக்கும் மேலே ஒரு தட்டைக் கல்லை நீட்டிவிட்டார். நடுவில் இருந்த பெரிய கோபுரத்தின் தலையில் கருப்புக் கல்லால் ஒரு பெட்டி முளைத்தது. அது ஓவர்ஹெட் டேங்க். கொடி பறக்க வேண்டிய இடத்தில் டேங்க் இருக்கிறதே என்று அவள் அழ ஆரம்பித்தாள். ராஜா குளிக்க வேண்டாமா என்று கேட்டார். டேங்க் கல்லின் மேல் துருத்திக்கொண்டிருந்த குமிழ்களைக்கூட, பின்னால் மாடி எடுக்க விட்டுவைத்த கம்பி என்று முதலாளியிடம் சொல்லிக்கொள்ளலாம் என்றார்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். கட்டுகிற கை நல்ல கை. சதுரக் கல்லால் வட்டக் கோபுரம் கட்டுவது லேசில்லை. ஒவ்வொரு வரிசையிலும் கல்லை ஒரு குமிழ் தள்ளித் தள்ளி வைத்து, மேல் கல் கீழே இரண்டு கல் சேருகிற இடத்தின் மேல் உட்காரும்படி பார்த்து, ரசமட்டம் வைத்து, தூக்குக்குண்டு விட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு கட்டினார். தூக்குப்பாலத்துக்கு மகள் தன் பழைய கொலுசில் இருந்து சங்கிலி எடுத்துக் கொடுத்தாள். பாலம் ஏறி இறங்கியதைப் பார்த்து எனக்கே கொஞ்ச நேரம் சுவர் மறந்துபோனது. சிவப்பும் மஞ்சளும் நீலமுமாகக் கோட்டை உண்மையிலேயே நன்றாக இருந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

முதலாளியின் மச்சான் முன்கூட்டியே பார்த்துவிட்டுப் போக வந்தார். சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். தூக்குப்பாலத்தை ஆட்டிப் பார்த்தார்.

"எல்லாம் சரித்தேன் மாப்ள. எப்பப் பூசுவீக?"

"பூசவா?"

"பெறகு? செங்கல் தெரியுதுல்ல. பூசாத கட்டடத்தப் பாத்தா எங்க மச்சானுக்கு ஆகாது. பாதி வேலன்னு சொல்லிப்புடுவாரு."

பொம்மைச் செங்கல் என்றால் செங்கல் தெரியத்தான் செய்யும், அதற்குத்தானே அதை வாங்குவது என்று என் கணவர் சொல்லியிருக்க வேண்டும். முகம் சுண்டிப்போனது. பூசாமல் விட்டுவிட்டாய் என்ற அந்த ஒரு பேச்சை நான் இத்தனை வருஷம் சொன்னபோது அவருக்கு உறைக்கவில்லை. மூன்றாம் மனிதர் ஒரு பொம்மையைக் காட்டிச் சொன்னதும் உறைத்துவிட்டது. அன்று சாயங்காலமே அரை மூட்டை சிமெண்ட் வந்து இறங்கியது. எங்கள் வீட்டு வாசலில் சிமெண்ட் இறங்குகிறதே என்று பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்துச் சிரித்தாள். நானும் பதிலுக்குச் சிரித்துத் தொலைத்தேன்.

பிளாஸ்டிக்கில் சிமெண்ட் பிடிக்காது. அதனால் முதலில் கொத்தினார். சுவரைக் கொத்திவிட்டால்தான் பூச்சு ஒட்டும் என்பது தொழில் முறை. இரும்பு அறுக்கிற ஆக்சா பிளேடை வைத்து மகளின் ஒவ்வொரு கல்லையும் குறுக்கும் நெடுக்கும் கீறினார். அந்தச் சத்தம் அடுப்படி வரை கேட்டது. மகள் கத்தினாள், காலைப் பிடித்தாள், கடைசியில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவர் என் மாவுச் சல்லடையில் மணலைச் சலித்து, டீ ஸ்பூனால் கலவையை அப்பி, பழைய அடிஸ்கேலால் இழுத்துச் சமப்படுத்தினார். பிறகு ஈரச் சாக்கைப் போர்த்தி, காலையும் மாலையும் சொம்பில் தண்ணீர் எடுத்துக் கோட்டையை நனைத்தார். நனைக்காவிட்டால் வெடித்துவிடுமாம். ஹாலில் தண்ணீர் குடித்துக்கொண்டு ஒரு கோட்டை. வெளியே தண்ணீர் குடித்துக்கொண்டு என் சுவர். நான் துடைப்பத்தோடு நடுவில்.

காய்ந்த பிறகு பார்த்தால் கோட்டை சாம்பல் நிறத்தில், ஊருணிக் கரையில் நிற்கிற பம்ப்செட் அறையாக மாறியிருந்தது. தூக்குப்பாலம் கலவையில் ஒட்டிப்போய் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. முதலாளியின் கடைக்கு எடுத்துப் போகலாம் என்று நாலு பேர் சேர்ந்து மேஜையோடு தூக்கினார்கள். மேஜையின் கால்தான் முறியப் பார்த்தது. கோபுரத்தில் ஒரு கீறலும் விழுந்தது. உடனே இறக்கி வைத்துவிட்டார்கள். கோட்டை வராது என்று தெரிந்ததும் முதலாளி தானே வருகிறேன் என்று சொல்லி அனுப்பினார்.

அப்போதுதான் என் கணவருக்குத் தன் வீட்டின் வெளிச்சுவர் ஞாபகம் வந்தது. அந்த முகத்தை நான் பார்த்தேன். பாவமாகக்கூட இருந்தது.

முதலாளி வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, கையில் அந்தக் காலண்டர். உள்ளே வராமல் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றினார். வாசலுக்குத் திரும்பி வந்தவர் செங்கல்லை விரலால் சுரண்டினார்.

"இது யாரு வீடு தம்பி?"

"வாடகைக்கு இருக்கோம் மொதலாளி" என்றார் என் கணவர்.

காபி டம்ளர்களோடு நிலைப்படியில் நின்றிருந்தேன். என் வளையலின் மேல் நின்றுகொண்டு, யார் வீடோ என்கிறார். கத்தியிருக்கலாம். ஆனால் வேலை போய்விடும், வேலை போனால் சுவரும் போய்விடும். காபியைக் கொடுத்துவிட்டுச் சொன்னேன்.

"ஆமாண்ணே, வாடகைதேன். ஹவுஸ் ஓனரு கைய விட்டு ஒண்ணும் வராது. எம்புட்டுச் சொன்னாலும் பூச மாட்டேங்குறாரு. ஆடிங்குறாரு, மழைங்குறாரு. மழ பேஞ்சா பீரோவுக்குப் பின்னாடி ஊறுதுண்ணே."

என் கணவருக்குப் புரையேறியது.

"எந்தூரு ஆளும்மா?"

"இங்கிட்டுத்தேன்."

"என்ன தொழிலு?"

"கட்டட வேலதேண்ணே பாக்குறாரு."

முதலாளி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "கட்டட வேலையா! சொந்த வீட்டப் பூசாதவன் ஊரான் வீட்ட என்ன லட்சணத்துல கட்டுவான்? தம்பி, அந்த ஆளு நம்ம மண்டபத்துப் பக்கம் வந்துராமப் பாத்துக்க."

"சரிங்க மொதலாளி" என்றார் என் கணவர்.

பிறகு முதலாளி உள்ளே வந்து கோட்டையைப் பார்த்தார். விரலை மடக்கித் தட்டினார். பாதி அகழியைப் பற்றியோ ஆடாத பாலத்தைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. "பூச்சு கல்லு மாதிரி இருக்கு" என்றார். வேலை எங்களுக்குத்தான் என்று காலண்டரை என் கணவர் கையில் கொடுத்தார். காரில் ஏறும்போது என்னைத் திரும்பிப் பார்த்து, அந்த ஹவுஸ் ஓனரிடம் தானே பேசுவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

நான் சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. சைட்டுக்கு வரும்போதெல்லாம் அதே கேள்வி, கொத்தனார் சித்தாள் எல்லோர் முன்னாலும்: "அந்த ஆளக் கூட்டியாந்தியா?" என் கணவர் ஹவுஸ் ஓனரை ஊருக்கு அனுப்பினார். காய்ச்சலில் படுக்க வைத்தார். சொந்தத்தில் சாவு, துட்டி கேட்கப் போயிருக்கிறார் என்று வாடிப்பட்டிக்கு அனுப்பினார். மண்டபத்தின் அஸ்திவாரம் எழும்பியது, தூண் எழும்பியது. என்னிடம் சத்தியம் செய்த சிமெண்ட் மூட்டை மட்டும் எழும்பவில்லை. கடைசியில் முதலாளி, "அவன் வர வேணாம். ஞாயித்துக்கெழம நானே வாரேன். வீட்டுல இருக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை காலை எங்கள் வீட்டைச் சுற்றிச் சவுக்குக் கம்பு நட்டுச் சாரம் கட்டினார்கள். ஆடி மாசம்தான். யாரும் பஞ்சாங்கம் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முதலாளி வந்தபோது பூச்சு ஈரமாக இருந்தது. வாசலில் என் மகள் சுத்தியலோடு உட்கார்ந்து, ஹாலில் இருந்து பெயர்த்துக்கொண்டு வந்த கோட்டைத் துண்டுகளை உடைத்துக்கொண்டிருந்தாள். வேலைதான் கிடைத்துவிட்டதே, கல்லைக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கியிருந்தாள். கீறல் விழுந்த கற்களை ஒவ்வொன்றாக வாளித் தண்ணீரில் போட்டாள். அப்பாவை அவள் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. முதலாளி அவளைத் தாண்டி வந்து சுவரைப் பார்த்தார். ஹவுஸ் ஓனரைப் பார்க்க வந்ததே மறந்து, சந்தோஷத்தில் முகம் விரிந்தது.

"பாத்தியாம்மா? நாஞ் சொல்லி விட்டதுதேன், ஆளு பயந்து பூசிப்புட்டான். கேக்குற விதமாக் கேட்டாச் செய்வாங்கெ. நீங்க இம்புட்டு நாளா வாயத் தொறந்து கேக்கல, அதேன்."

என் கணவரைப் பார்த்தேன். அவர் சாரத்துக் கயிற்றின் முடிச்சைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். முதலாளியே விடாமல், "இனிமே வாடகைய ஏத்திப்புடுவானே?" என்றார்.

"ஏத்தட்டும்ணே. என் வளையலெல்லாம் அவருகிட்டதேன் இருக்கு, அட்வான்ஸா."

முதலாளி என்னைப் பார்த்தார். முடிச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற என் கணவரைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். விரிந்திருந்த முகம் சுருங்கிப்போய்க் காரில் ஏறினார். என் கணவர் ஹோஸ் பைப்பைக் குழாயில் மாட்டி, சுவருக்குத் தண்ணீர் அடிக்க ஆரம்பித்தார்.