இலவசமாகக் கிடைக்காத குக்கர் விசில்

மூன்றாம் வகுப்புக்கு இன்று 'வீட்டில் கேட்கும் ஒலிகள்' பாடம். இலவச ஒலிகள் தரும் தளங்களில் நேற்று தேடினேன்.

பனிப்புயல் இருக்கிறது. ஓநாய்கூட இருக்கிறது. நம் குக்கர் விசிலைத்தான் காணோம்.

சரி என்று, லிங்கராஜபுரத்து ஒற்றை அறை வீட்டில் எனக்கு மட்டும் போதுமான பருப்பைக் குக்கரில் வைத்து, விசிலைப் போனில் பதிவு செய்தேன்.

வகுப்பில் போட்டதும், "குக்கர், மிஸ்!" என்று மொத்தப் பேரும் கத்தினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

முதல் பெஞ்ச் ஷாலினி மட்டும் இன்னொரு தடவை போடச் சொன்னாள். ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டாள்.

"உங்க வீட்ல யாருமே பேசலையே, மிஸ்? எங்க வீட்ல விசில் வந்தா, 'எத்தனை ஆச்சு?'ன்னு அம்மா பாத்ரூம்லேர்ந்து கத்துவாங்க. அப்பா தப்பாச் சொல்லுவாரு."

"ரெக்கார்டிங் நல்லா வரணும்ல? அதான் எல்லாரையும் சத்தம் போடக் கூடாதுன்னு சொல்லிட்டேன்."

நம்பிவிட்டாள்.

யாரிடமாவது 'எத்தனை ஆச்சு?' என்று கத்துகிற குரல் இருந்தால் அனுப்புங்கள். இலவசமாகத்தான் வேண்டும். பாடத்துக்குத்தான் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.