பெஞ்சில் உட்கார்ந்தவர்

பேப்பரில் வந்த அந்தப் புகைப்படத்தில் என் அண்ணன் கண்ணை இறுக மூடி, கன்னம் இரண்டும் உப்ப, நீண்ட இரும்புக் குழாய் ஒன்றை ஊதிக்கொண்டிருப்பார். குழாயின் மறுமுனையில் மாதுளம்பழம் அளவுக்கு ஒரு கண்ணாடி உருண்டை சிவந்து நிற்கும். அதை அடியில் தாங்கியபடி, நனைத்து மடித்த காகிதத்தோடு ஒரு கை. மணிக்கட்டில் ஒரு சிவப்புக் கயிறு. அந்தக் கையோடு படம் முடிந்துவிடும். மேலே பெரிய எழுத்தில், திண்டிவனத்தின் கண்ணாடிக் கலைஞர் என்று அண்ணன் பெயரைப் போட்டிருந்தார்கள். ஓரத்தை வெட்டிய பத்திரிகைக்காரர் மேல் எனக்கு வருத்தமில்லை. அது யார் கை என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தும் பத்துப் பிரதி வாங்கி விழுப்புரத்தில் பார்த்தவருக்கெல்லாம் கொடுத்தேன்.

அது அண்ணியின் கை. கண்ணாடி ஊதும் வேலையைப் பார்க்காதவர்கள் எல்லோரும் ஒரே தவறைத்தான் செய்வார்கள். ஊதுகிறவர்தான் செய்கிறவர் என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மையில், இரண்டு பக்கமும் குழாயைத் தாங்கும் நீண்ட கைகள் வைத்த ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, இடது கையால் குழாயை முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டே, வலது கையில் ஈரக் காகிதம் வைத்து உருண்டையைத் தடவி வடிவுக்குக் கொண்டுவருகிறவர்தான் செய்கிறவர். குழாயின் முனையில் குந்தி ஊதுகிறவர் துணையாள். பெஞ்சில் இருப்பவர் "ஊது" என்றால் ஊத வேண்டும், "போதும்" என்றால் நிறுத்த வேண்டும். திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகையில் "ஊது", "போதும்" சொன்னவர் அண்ணி. கேட்டு நடந்தவர் அண்ணன்.

கல்யாணத்துக்கு முன்பே அண்ணிக்கு இந்த வேலை தெரியும். இரும்பை என்ற கிராமத்தின் பக்கம் ஒரு கண்ணாடிப் பட்டறையில் பெருக்கித் துடைக்கப் போனவர், ஏழெட்டு வருஷத்தில் பெஞ்சுக்கு வந்துவிட்டார். அண்ணன் வெல்டிங் கடை வைத்திருந்தார். பேச்சு குறைவு, நெஞ்சு அகலம், மூச்சு ஏராளம். அண்ணிக்காக அவரே உலை கட்டினார். செய்த பொருளை மெதுவாக ஆறவைக்கும் இரும்புப் பெட்டியையும் அவர்தான் செய்தார். காயலான் கடையிலிருந்து வாங்கிவந்த காலி பாட்டில்களை அண்ணி கழுவி உடைத்து உருக்குவார். பாட்டில் கண்ணாடி சீக்கிரம் இறுகிவிடும், தயங்கினால் கெட்டுவிடும். அண்ணி தயங்கி நான் பார்த்ததில்லை. செய்ததை எல்லாம் பெட்டியில் வைத்து மூடிவிட்டு, மறுநாள் காலையில் திறப்பார்கள். டம்ளர், விளக்குக்கூடு, குட்டிக் குடுவை. ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பார்க்கும்போது மட்டும் அண்ணிக்குத் தன்னை அறியாமல் வாய் கொஞ்சம் திறந்துகொள்ளும். அண்ணன் பொருளைப் பார்க்க மாட்டார், அண்ணியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பார்.

நான் இந்த வேலை எதற்கும் லாயக்கில்லை. விழுப்புரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்து, மனு எழுதிக் கொடுத்துப் பிழைக்கிறவன். பட்டா மாறுதல், வாரிசுச் சான்றிதழ், முதியோர் பென்ஷன் என்று எந்தக் கட்டத்தில் எதை எழுதினால் காகிதம் மேசையில் தேங்காமல் நகரும் என்பது எனக்கு அத்துப்படி. காணை, கண்டாச்சிபுரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள் என்னை சார் என்று கூப்பிடுவார்கள். அந்தக் கூப்பிடலில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் ஏறியிருந்தது, மறைப்பானேன்.

படம் வந்த பேப்பரில் மிச்சமிருந்த பிரதிகள் ஒரு வாரத்தில் கொட்டகைக்குப் போய்விட்டன. கையில் வைத்துத் தடவ அண்ணிக்கு தினமும் பேப்பர் வேண்டும். நான் போனபோது மற்ற பக்கங்கள் எல்லாம் வாளித் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தன, அண்ணன் படம் இருந்த பக்கம் மட்டும் தனியாக ஆணியில் தொங்கியது. ஆசையாக வைத்திருக்கிறாரே என்று மகிழ்ந்துபோய்ச் சொன்னேன். அண்ணி சிரித்தார். "கலர் பக்கம் இதுக்கு ஆவாது தம்பி. மை கண்ணாடில ஒட்டிக்கும்" என்றார்.  நான் அதற்கு மேல் கேட்கவில்லை.

அண்ணிக்கு ஓர் ஆசை இருந்தது. தெருவில் சும்மா இருக்கிற பெண்களைச் சேர்த்து இந்த வேலையைக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது. பெஞ்சு இன்னும் ரெண்டு போட்டால் போதும், பாட்டிலுக்கா பஞ்சம் என்பார். ஐந்தாறு பெண்களிடம் சொல்லியும் வைத்திருந்தார். அந்தச் சமயத்தில்தான் கைவினைஞர்களுக்கான ஒரு விருதுக்கு விண்ணப்பம் கேட்டிருந்தார்கள். விருது வாங்குகிறவர் தன் பெயரில் பயிற்சி வகுப்பு நடத்தலாம், உதவி கிடைக்கும் என்று அதில் இருந்தது. படிவத்தை நான்தான் கொண்டுபோனேன்.

செய்பவர் பெயர் என்று ஒரு கட்டம். அண்ணன் பார்த்ததும் சொன்னார்: "அவ பேரப் போடுடா. நா சும்மா ஊதறவன்."

"பேப்பர்ல வந்தது உன் பேருண்ணா. அதத்தான் ஆதாரமா வெக்கணும். ரெண்டும் வேற வேறயா இருந்தா திருப்பி அனுப்பிடுவாங்க" என்றேன்.

அண்ணி தொட்டித் தண்ணீரில் பாட்டில்களின் லேபிளைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்காமலே, "எது சுளுவோ அதப் பண்ணுங்க தம்பி. கிளாஸ் நடந்தா போதும்" என்றார். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

இன்றைக்கு யோசித்தால், ஆதாரம் என்று நான் சொன்னது பாதிதான் உண்மை. அண்ணி பெயரில் ஒரு மனுவோ, செய்து முடித்த பொருள்களின் படங்களோ வைத்து எத்தனையோ வழியில் அந்தக் கட்டத்தை நிரப்பியிருக்கலாம். மற்றவர்களுக்கு அந்த வழிகளை எல்லாம் கண்டுபிடித்துக் கொடுத்தவன்தான் நான். அண்ணி பெயர் வந்தால் அண்ணன் அண்ணிக்கு எடுபிடி என்று ஊர் சொல்லுமே என்ற நினைப்பு உள்ளே இருந்தது. அண்ணனுக்கு இல்லாத வெட்கம் எனக்கு இருந்தது.

விருதுக்காகப் பார்வையிட மூன்று பேர் வந்தார்கள். மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையை அவித்து, டீயோடு கொடுத்தோம். அண்ணி வழக்கப்படி பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டார். வந்தவர்களில் மூத்தவர் மரியாதையாகத்தான் கேட்டார்: "சாரை உக்காரச் சொல்லுங்களேன், செய்யறதப் பாக்கணும்." அண்ணன் என்னைப் பார்த்தார். அண்ணியும் என்னைப் பார்த்தார். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். தலையை அசைத்து, எழுந்திரிங்க என்று அண்ணிக்கு ஜாடை காட்டினேன்.

அண்ணி எழுந்தார். ஈரக் காகிதத்தை அண்ணன் கையில் வைத்துவிட்டு, குழாயின் மறுமுனைக்குப் போய்க் குந்தினார். அண்ணனுக்கு உலையைத் தெரியும், நெருப்பைத் தெரியும், பெஞ்சு தெரியாது. குழாயை உருட்டிய கை ஒரு சீராக இல்லை. உருண்டை ஒரு பக்கமாகச் சரிந்தது. "ஊது" என்று சொல்லக்கூட அவருக்கு வாய் வரவில்லை. அண்ணி சொல்லாமலே ஊதினார், சொல்லாமலே நிறுத்தினார். குழாயை வாயில் வைத்தபடியே உள்ளங்கையால் அதை உருட்டி, சரிந்ததைத் தூக்கி நிறுத்தினார். அண்ணன் முகமெல்லாம் வேர்வை. கடைசியில் ஒரு டம்ளர் வந்தது, கொஞ்சம் சாய்ந்தாற்போல. வந்தவர்களுக்கு ஏக மகிழ்ச்சி. கைவேலை என்றால் இப்படிக் கொஞ்சம் கோணல் இருக்க வேண்டும், அதுதான் அழகு என்றார் ஒருவர். அதுநாள்வரை அந்தக் கொட்டகையில் அப்படி ஒரு கோணல் டம்ளர் பெட்டிக்குள் போனதில்லை. அப்படி வந்தால் அண்ணி அதை உடைத்து மறுபடி உருக்கிவிடுவார்.

விருது கிடைத்தது. அண்ணன், அண்ணி, நான் மூவரும் சென்னைக்குப் போனோம். மேடையில் அண்ணனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள், அவர் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். கீழே அண்ணி மற்றவர்களைப் போலவே கைதட்டினார். திரும்பும் பஸ்ஸில் அண்ணன் பொன்னாடையை எடுத்து அண்ணியின் மடியில் வைத்தார். அண்ணி அதை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மேல்மருவத்தூர் தாண்டிய பிறகு அண்ணன் என் பக்கம் சாய்ந்து, "உனுக்கு எழுதத் தெரியும்டா. இன்னாத்த எழுதணும்னுதான் தெரியல" என்றார். என் வாழ்க்கையில் அவர் என்னிடம் கோபமாகப் பேசியது அந்த ஒரு தடவைதான். அதையும் மெதுவாகத்தான் சொன்னார்.

வகுப்புக்கான கடிதம் வந்தபோது, விருது பெற்றவரே நேரில் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று இருந்தது. அண்ணன் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். நான் அதற்கும் வழி சொன்னேன்: "நீ முன்னாடி நில்லுண்ணா. அண்ணி பக்கத்துல இருந்துக்கினு சொல்லிக்குடுக்கட்டும். யாரு வந்து பாக்கப் போறாங்க?"

அண்ணி அன்றைக்குத்தான் என்னை நேராகப் பார்த்துப் பேசினார். "கத்துக்க வர்ற பொண்ணுங்ககிட்ட மொத நாளே பொய் சொல்லச் சொல்றீங்களா தம்பி?" கேட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, சொல்லிவைத்திருந்த பெண்கள் வீட்டுக்கு ஒவ்வொன்றாகப் போய் வகுப்பு இல்லை என்று சொல்லிவிட்டு வந்தார். அதில் ஒரு பெண் இப்போது ஷூ கம்பெனி வேனில் விடியற்காலையில் ஏறிப் போகிறாள். பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்தால் சிரிப்பாள். எனக்குத்தான் சிரிக்க வரவில்லை.

அதன் பிறகும் இருவரும் சேர்ந்து வேலை செய்தார்கள். யாராவது பார்க்க வந்தால் மட்டும் அண்ணன் உலையை அணைத்துவிட்டு, இன்றைக்கு வேலை இல்லை என்று சொல்லிவிடுவார். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். தனியாள் அந்த உலையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அண்ணி இப்போது இரும்பை கிராமத்துப் பழைய பட்டறைக்கே கூலிக்குப் போய்வருகிறார்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணியைப் பார்க்கப் போனேன், ஒரு கடிதத்தை டைப் செய்து எடுத்துக்கொண்டு. உண்மையில் வேலை செய்தவர் என் அண்ணிதான், படிவத்தில் தவறாக எழுதியவன் நான், பதிவைத் திருத்த வேண்டும் என்று விருது கொடுத்தவர்களுக்கு எழுதியிருந்தேன். இரண்டு நாள் தூங்காமல் எழுதிய கடிதம். கீழே அண்ணியும் கையெழுத்துப் போட வேண்டும்.

அண்ணி அதை இரண்டு தடவை படித்தார். சுவரில் அண்ணன் படம் மாலையோடு இருந்தது, பக்கத்திலேயே விருதுப் பத்திரம், கண்ணாடி போட்டு.

"இதக் குடுத்தா அவரு இன்னாவா ஆவாரு தம்பி?"

நான் சுவரிலிருந்த படத்தைப் பார்த்தேன்.

"ஏமாத்தி வாங்கினவருன்னு ஆவாரு. செத்தப்புறம் அவருக்கு அது வேணாம்." கடிதத்தை மடித்து என்னிடம் நீட்டினார். "அன்னிக்கே எழுதியிருக்கணும் நீங்க. அன்னிக்கு என் பேரு வந்திருந்தா, கீழ உக்காந்துக்கினு எல்லாருக்கும் முந்தி அவருதான் கைதட்டியிருப்பாரு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணி அதைப் பார்க்காதவர் போல உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். குடித்துவிட்டு, நடந்ததை ஒரு நினைவாகவாவது எழுதட்டுமா என்று கேட்டேன். காலி டம்ளரை வாங்கிக் கீழே வைத்தார்.

"எழுதுங்க. பேரு மட்டும் போடாதீங்க. என் பேரப் போட்டா அவரு யாருன்னு தெரிஞ்சிடும்."

முப்பது வருஷமாகப் பெயர் எழுதிக் கொடுப்பதுதான் என் தொழில். ஒரு எழுத்து பிசகினால்கூடப் புதுப் படிவம் எடுத்து முதலிலிருந்து எழுதுவேன். இதை எழுதி முடித்துவிட்டு மேலிருந்து கீழ்வரை படித்துப் பார்த்தேன். எல்லாமே சரியாக இருக்கிறது. அண்ணியின் பெயர்தான் இதிலும் இல்லை.