ஜீரோ அக்கா

பெட்ரோல் பங்கில் அவளுக்கு ஜீரோ அக்கா என்றே பெயர். பெட்ரோல் போடும் முன் ஒவ்வொரு வண்டிக்காரரிடமும் மீட்டரைக் காட்டி, "ஜீரோ பாத்துக்கோங்க" என்பாள். காலை ஆறு முதல் இரண்டு வரை அந்த வேலை. அந்தச் சம்பளம் வாடகைக்கும் அரிசிக்குமே சரியாகிவிடும். மகளின் படிப்புக்காக, மூன்று மணியிலிருந்து ஒரு துணிக்கடையில் லிஃப்ட் இயக்கினாள்.

ஒரு நாள் கண் சொக்கிய வேளையில், லிஃப்டில் ஏறிய பெரியவரிடம், "ஜீரோ பாத்துக்கோங்க சார்" என்றுவிட்டாள். அவர் தொப்பையைத் தடவிக்கொண்டு, "எனக்கு எத்தனை லிட்டர்மா பிடிக்கும்?" என்றார். லிஃப்டே சிரித்தது. மறுவாரமும் அதே தவறு நடந்தது. கடை மேலாளர் கூப்பிட்டார்.

"ஒரு வேலையிலயாவது ஒழுங்கா மனசு வைக்கக் கூடாதாம்மா?"

"ஒரு வேலையில வயிறு நெறஞ்சா வைப்பேன் சார்."

"வாய்க்கு ஒண்ணும் கொறச்சலில்ல. இன்னொரு தடவை ஒளறினா, வேலைக்கு வர வேண்டாம்."

கூலியை உயர்த்தினால் தொழில் படுத்துவிடும் என்பவர்கள், எட்டு மணி நேரம் உழைத்தவள் ஏன் மறுபடியும் உழைக்க வேண்டும் என்பதற்குப் பதில் சொல்வதில்லை. கேட்டால் தலைவிதி என்பார்கள். குறைந்தபட்சக் கூலி தலையில் எழுதியதல்ல, தாளில் எழுதியது. மனிதர் எழுதியதை மனிதரே திருத்தலாம்.

அன்றிலிருந்து வேலை போய்விடுமென்று பயந்து, லிஃப்டில் உதட்டை இறுக மூடியே நின்றாள். வீட்டுக்கு வந்த பிறகும் அது திறக்கவில்லை.

"அம்மா, எம்மேல கோவமா?" என்று கேட்டாள் மகள்.

இல்லையென்று தலையை மட்டும் அசைத்தாள்.